கோட்டை மலை ஏறுகிறவன் நுன் சிகரம் ஏறலாமா?

5 ஜனவரி 2025, ஞாயிறு. பாலக்கோட்டுக்காரர் கேட்டது

வணக்கம். வயது 33. ஓசூரில் ஷிப்ட் வேலை. நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை ஏறுகிறேன், முதுகில் 12 கிலோ பையோடு. போன வருடம் கேதார்காந்தா போய் வந்தேன், 3,800 மீட்டர், ஒரு சிரமமும் இல்லை. இப்போது ஒரு மலையேற்ற நிறுவனம் ஜூலையில் லடாக்கின் நுன் சிகரத்துக்கு ஆள் சேர்க்கிறது. 7,135 மீட்டர், 24 நாள், மூன்றே கால் லட்சம். "உடம்பு நன்றாக இருந்தால் போதும், மீதியை வழிகாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். முன்பணம் 25,000 கட்டிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்படிக் காசு கட்டிக் குழுவோடு போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, போகலாமா?

6 ஜனவரி, காலை

வேண்டாம் தம்பி. இந்த வருடம் வேண்டாம் என்கிறேன், ஆயுசுக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலையில் பாய்லர் பிரித்துப் போட்டிருக்கிறோம், ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

6 ஜனவரி, இரவு

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பாய்லரும் எவாப்பரேட்டரும் பார்க்கிறவன். 2023 ஆகஸ்டில் காங் யாட்சே இரண்டாவது சிகரத்துக்கு, சுமார் 6,250 மீட்டர், இதே மாதிரி காசு கட்டிப் போனேன். ஆறாயிரம் வரை ஏறினோம், காற்று பலமாகிவிட்டதால் திரும்பிவிட்டோம். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

நுன்னுக்கு நான் போனதில்லை. போய் வந்தவர்களோடு லேயில் இரண்டு நாள் ஒரே விடுதியில் இருந்தேன், அவர்கள் செல்போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். சுரு பள்ளத்தாக்கில் டாங்கோல் என்ற கிராமத்தில் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். அடிவார முகாமே 4,600 மீட்டருக்கு மேல். அதற்கு மேலே மூன்று முகாம். இடையில் ஏணி சாத்தியது போல நிற்கிற பனிச்சரிவு. கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற ஜூமார் என்ற பிடியை மாட்டி, ஒரு கை தள்ள ஒரு கால் உதைக்க, மணிக்கணக்காக ஏறவேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல. சாமானை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்து தூங்கி, மறுபடி ஏற வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழகுவது அப்படித்தான்.

வழிகாட்டி பார்த்துக்கொள்வார் என்பது பாதி உண்மை. அனுமதி வாங்குவது, கூடாரம், சாப்பாடு, கழுதை, கயிறு, வழி எல்லாம் அவர் பொறுப்பு. உங்களுக்காக மூச்சு விட மட்டும் அவரால் முடியாது.

நான் பாய்லர்க்காரன் என்பதால் அழுத்தம் காட்டுகிற கேஜ் கணக்கில் சொல்கிறேன். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 5,500 மீட்டரில் அது பாதி. நுன் உச்சியில் ஐந்தில் இரண்டு பங்கு. காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைவதில்லை, எங்கேயும் அதே 21தான். அதை நுரையீரலுக்குள் தள்ளுகிற அழுத்தம்தான் இறங்கிவிடுகிறது. கேதார்காந்தாவில் சிரமம் இல்லை என்றீர்கள். அது ஏறக்குறைய லே ஊர் இருக்கிற உயரம். அங்கே கடைகண்ணி இருக்கிறது, ஆட்டோ மாதிரி டாக்ஸி ஓடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபுட்பால் விளையாடுகிறார்கள். ஆட்டம் அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.

9 ஜனவரி

பாலக்கோட்டுத் தம்பி கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "நாலு வருடம் ஏறியது வீணா?" வீணே இல்லை. கால், தொடை, மூட்டு, பொறுமை எல்லாம் அங்கே வந்ததுதான். உயரம் மட்டும் அங்கே வராது. நம் ஊர் ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர். வத்தல்மலை, பெட்டமுகிலாளம் எல்லாம் ஏறி முடித்தாலும் இமயத்தில் அது ஆற்றங்கரை. மூக்கை மூடுகிற ஒரு மாஸ்க் மாட்டிக்கொண்டு ஓடினால் உயரத்துக்குப் பழகலாம் என்று விற்கிறார்களே, நானும் வாங்கினேன். அது மூச்சை இறுக்குகிறது, அவ்வளவுதான். காற்றழுத்தத்தை அது ஒன்றும் குறைப்பதில்லை. இப்போது அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது.

பையில் என்ன வைத்து ஏறுகிறீர்கள்? செங்கல் என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர் கேன் வைத்து ஏறி, மேலே ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். மூட்டு தேய்வது இறக்கத்தில்தான். நான் முதல் ஆறு மாதம் செங்கல்லைச் சுமந்து ஏறி அதே செங்கல்லைச் சுமந்து இறங்கினேன். வலது முழங்கால் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறது.

12 கிலோ என்பதைப் படிப்படியாக 18 ஆக்குங்கள். ஒரே தடவை ஏறாமல் மூன்று தடவை ஏறி இறங்குங்கள். மூன்றாவது தடவை ஏறும்போது வருகிற அலுப்பு இருக்கிறதே, அதுதான் பயிற்சி. முதல் இரண்டும் காலை நடை.

9 ஜனவரி, கொஞ்சம் கழித்து

பாறையில் பழகி எவரெஸ்ட் ஏறிய தெலங்கானாவின் மாலாவத் பூர்ணாவை மத்தூர்க்காரர் நினைவுபடுத்தினார். நியாயமான உதாரணம். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அந்தப் பெண்ணுக்கு 13 வயதுதான். பயிற்சியை ஆரம்பித்தது அந்த மாநிலத்துப் புவனகிரியின் ஒற்றைப் பாறையில், ஏறக்குறைய நம் சையத் பாஷா மலை மாதிரியே மொட்டைப் பாறை. ஆனால் அங்கிருந்து நேராக எவரெஸ்டுக்குப் போய்விடவில்லை. நடுவில் டார்ஜிலிங் இருக்கிறது, பனியில் பயிற்சி இருக்கிறது. மத்தூர்க்காரர் அந்த நடுப்பகுதியை விட்டுவிட்டார்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

இன்று லீவு. ஊத்தங்கரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார், "அங்கே என்னப்பா சாப்பிட்டீர்கள்?" இவ்வளவு நாளில் யாராவது கேட்ட உருப்படியான கேள்வி இதுதான்.

நான் வீட்டிலிருந்து இரண்டு கிலோ ராகி மாவு கொண்டு போயிருந்தேன். முகாமில் சமையல்காரர் நேபாளி, நல்ல மனுஷன். அடுப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மாவைப் போட்டுக் கிண்டினேன், கிண்டினேன், வேகவே இல்லை. பச்சை வாடை போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. 5,000 மீட்டரில் தண்ணீர் 84 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இதை நான் தெரிந்துகொள்ள லடாக் போக வேண்டியதே இல்லை! எவாப்பரேட்டரில் வெற்றிடம் இழுத்து அறுபது எழுபது டிகிரியிலேயே மாங்கூழைக் கொதிக்கவைத்து 28 பிரிக்ஸுக்கு (இனிப்பின் அளவு) ஏற்றுவதுதான் எனக்குப் பிழைப்பு. பதினைந்து வருடம் பார்த்த வேலை, தட்டில் களி வந்ததும் மறந்துவிட்டது. சமையல்காரர் சிரித்துக்கொண்டே குக்கரை நீட்டினார். இரண்டு விசில். களி வந்தது, உருண்டைதான் பிடிபடவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால் ஹங்கர் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அம்மா வாற்கோதுமை மாவையும் பட்டாணி மாவையும் கொதிநீரில் போட்டு, பெரிய கட்டையால் கிண்டி, உருட்டி, தட்டில் வைத்தார். நடுவில் குழி. பக்கத்தில் கீரை போட்ட மோர். பெயர் பாபா என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பென்னாகரத்தில் என் பாட்டி செய்த உருண்டை. கடித்து மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஆச்சரியம்.

23 ஜனவரி

யாரோ எவரெஸ்டை இழுத்துவிட்டார்கள். நேபாள அரசு இந்த மாதம் அறிவித்ததைப் பார்த்திருப்பீர்கள். வசந்த காலத்தில் ஏற வெளிநாட்டவர் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலர் ஆகிறது, வரும் செப்டம்பரிலிருந்து. நாமும் அங்கே வெளிநாட்டவர்தான். நம் காசில் 13 லட்சம், அனுமதிச் சீட்டுக்கு மட்டும். 2023 மே மாதம் நம் மாநிலத்திலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் என்று முத்தமிழ்ச்செல்வி பெயர் வந்தது ஞாபகம் இருக்கும். அந்தக் காசைத் திரட்டுவதே ஒரு தனி மலை.

நுன்னும் எவரெஸ்டும் முதலில் ஏறப்பட்டது ஒரே வருடம், 1953. எவரெஸ்டில் டென்சிங்கும் ஹிலாரியும். நுன்னில் க்ளோட் கோகன் என்ற பிரெஞ்சுப் பெண்மணியும் பியேர் விட்டோஸ் என்ற சுவிஸ்காரரும். முதல் ஜோடியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். முதலில் ஏறிய இருவரில் ஒருவர் பெண்ணாக இருந்த ஏழாயிரம் மீட்டர் மலை நம் நாட்டிலேயே இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. கோகன் 1959-ல் சோ ஓயு மலையில் பனிச்சரிவில் இறந்துபோனார்.

சரி, ஏழாயிரம் மீட்டர் சிகரத்துக்கு "முன் அனுபவம் தேவையில்லை" என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள் தம்பி: எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? பத்துப் பேருக்கு இரண்டு என்றால், ஒருவருக்கு உடம்பு முடியாமல் ஒரு வழிகாட்டி இறங்கினால், மீதி ஒன்பது பேருக்கு ஒரே ஆள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஓசூர் வாசகர் ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். தன் அலுவலகத்துப் பெண் ஒருவர் 2023 ஆகஸ்டில் நான் போன அதே காங் யாட்சேவுக்குப் போனாராம். குழுவில் "ஆலையில் வேலை செய்கிற கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர்" இருந்தாராம். அன்றைக்குக் காற்றே இல்லையாம், ஆகாயம் துடைத்துவிட்டது போல இருந்ததாம்.

நாளைக்கு எழுதுகிறேன்.

3 பிப்ரவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை. 6 ஜனவரி இரவு எழுதியதைத் திருத்துகிறேன். ஆறாயிரம் இல்லை, 5,600கூட இருக்காது. காற்று இல்லை. "திரும்பினோம்" இல்லை, நான் மட்டும் திரும்பினேன். அந்தப் பெண்ணும் புனேயிலிருந்து வந்த ஒருவரும் காலை எட்டு மணிக்குள் உச்சியில் இருந்தார்கள்.

நடந்தது இது. மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக மெதுவாகத்தான் கூட்டிப்போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹங்கரைத் தாண்டிய இரவிலேயே எனக்குத் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. தினமும் சாயங்காலம் வழிகாட்டி வரிசையாகக் கேட்பார்: தலைவலி உண்டா, பசிக்கிறதா, தூங்கினாயா, தலை சுற்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் எல்லாவற்றுக்கும் சைபர் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் மார்க்கைக் கூட்டிச் சொன்ன பிள்ளை, இங்கே குறைத்துச் சொன்னது.

விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டுவார்கள். என் முறை வருவதற்கு முன் கூடாரத்துக்கு வெளியே போய் நாலு தடவை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு, டீ டம்ளரில் விரலைச் சூடேற்றிக்கொண்டு வந்து நீட்டுவேன். 84 காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் 72. பையில் பாராசிட்டமால் இரண்டு அட்டை கொண்டு போயிருந்தேன், உச்சிக்குப் புறப்பட்ட இரவில் மூன்று மாத்திரை மிச்சம்.

இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். பனி ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்து கிராம்பான் மாட்ட வேண்டும். பூட்ஸுக்கு அடியில் கட்டுகிற இரும்பு முள் அது. அதன் பக்கிள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் நடக்கும்போது மறு காலில் சிக்கி இழுத்துவிடும். லேயில் இருபது தடவை மாட்டிக் கழற்றிப் பழகியது. அன்றைக்கு வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டு, அது ஏன் பொருந்தவில்லை என்று கோபத்தோடு வாரை இழுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வழிகாட்டியின் தலைவிளக்கு என் காலில் அடிக்கிறது. ஒன்றும் திட்டவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். மறுபடி என்றேன். மறுபடியும் மூன்றாவது அடி.

"கீழே" என்றார். அவ்வளவுதான். நான் காசு கட்டியிருக்கிறேன் என்றேன். ஆமாம் என்றார். இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்றேன். உதவி வழிகாட்டியைக் கூப்பிட்டு என்னை அவரோடு கயிற்றில் கட்டிவிட்டு, மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார். அந்த மூன்று விளக்கும் சரிவில் மேலே மேலே போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். 5,000-க்கு வந்ததும் தலைவலி விட ஆரம்பித்தது. மத்தியானம் 4,800-க்குக் கீழே நீமாலிங் புல்வெளியில் யாக்குகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். மூளையில் நீர் கோர்க்க ஆரம்பிக்கும்போது நடை தள்ளாடுவதுதான் பெரிய அடையாளம், அதற்கு ஒரே மருந்து இறங்குவது என்று அப்புறம்தான் விளக்கினார். இன்னும் மூன்று மணி நேரம் போயிருந்தால் தூக்கித்தான் இறக்கியிருக்க வேண்டும்.

ஏன் மறைத்தேன்? சீட்டு எடுத்த காசு. அது மட்டும் இல்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் நண்பர்கள் ரவுண்டானா பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கையில் ஐஸ் ஆக்ஸோடு என் படம், பின்னால் யாருடைய மலையோ, "இமயம் வென்ற எங்கள் அண்ணனே." வென்ற! நான் அப்போது ரயில்கூட ஏறவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் இப்போது மாட்டுக்கொட்டகை மேல் ஒழுகலுக்குப் போட்டிருக்கிறது. எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டதால் மாடுகள் மட்டும் படிக்கின்றன.

3 பிப்ரவரி, மதியம்

ஓசூர்க்காரருக்கு: மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் நான் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து இறங்கி வந்ததும் எனக்கு முதலில் டீ கொடுத்தது அவர்தான், உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

5 பிப்ரவரி

உயரக் கோளாறு வராமல் இருக்கப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். மருந்தின் பெயர் அசெட்டாசோலமைடு. தடுப்புக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், காலை மாலை. அது தலைவலியை மூடி மறைக்கிற மாத்திரை இல்லை, மூச்சை வேகப்படுத்தி உடம்பு சீக்கிரம் பழக உதவுகிறது. விரல் நுனி மரத்து ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், அடிக்கடி மூத்திரம் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நான் அதை எடுக்கவில்லை, வீம்புக்கு. "மாத்திரை போட்டு ஏறுவதா" என்று. பாராசிட்டமால் மட்டும் மாத்திரை இல்லையாக்கும்!

இன்னொன்று, 3,000 மீட்டருக்கு மேல் தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த 24 நாள் அட்டவணையை எடுத்து இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேனாவும் பேப்பரும் போதும்.

16 பிப்ரவரி

தம்பி அட்டவணையை அனுப்பினார். பழகுவதற்கான நாட்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், என் சந்தேகம் தவறு. ஆனால் வானிலை கெட்டால் காத்திருக்க இரண்டே நாள். ஏழாயிரத்துக்கு அது பத்தாது என்று தோன்றுகிறது. பனி விழுந்தால் அதுவே மூன்று நாள் விழும்.

28 நாள் அடிப்படை மலையேற்றப் பயிற்சி பற்றிக் காரசாரமாக எழுதியிருக்கிறீர்கள். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய நிலையம், மணாலியில் உள்ள நிலையம், எல்லாம் அரசு நிலையங்கள். தனியார் குழுவுக்குக் கொடுக்கிறதோடு ஒப்பிட்டால் கட்டணம் கொஞ்சம்தான். அதில் ஏ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். நான் முதலில் இதுதான் ஒரே வழி என்று எழுத இருந்தேன். அப்புறம் ஓசூர் ஷிப்டில் 28 நாள் லீவு யார் கொடுப்பார்கள் என்று யோசித்து அடித்துவிட்டேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்: நுன்னுக்கு 24 நாள் லீவு கிடைக்கும் என்றால் இதற்கும் நாலு நாள் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாமே?

தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர், "அரசுப் பயிற்சி என்றால் ஆபத்தே இல்லை" என்கிறார். அப்படி இல்லை. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டாண்டா மலையில் உத்தரகாசி நிலையத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு மேல் பனிச்சரிவு விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதில் பயிற்றுநராக இருந்த சவிதா கன்ஸ்வால் அதே வருடம் மே மாதம் எவரெஸ்டும் மகாலுவும் ஏறியவர். மலைக்கு யார் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் கயிற்றில் முடிச்சு போடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் மற்ற 364 நாளும் வித்தியாசம் இருக்கிறது.

அதியமான் நெல்லிக்காய்க்கு மலை ஏறினதை ஒருவர் இழுத்திருக்கிறார். நம் தகடூர் ராஜாவாயிற்றே, விடமுடியுமா. என் சந்தேகம் எல்லாம், அந்த மலைக்கு வழி காட்டிய வேடன் பெயர் ஏன் எங்கேயும் இல்லை என்பதுதான்.

2 மார்ச்

சின்ன விஷயம் இரண்டு. இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். என்னுடையதில் பதினேழாம் பக்கத்தில் மலையேற்றம் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது, இறங்கி வந்த பிறகு படித்தேன். நேபாளத்தில் மாதிரி கூப்பிட்டதும் ஹெலிகாப்டர் வரும் என்று லடாக்கில் எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிடுவார்கள். குழுவிடம் வாக்கி டாக்கி உண்டா, முகாமிலிருந்து சாலைக்கு எத்தனை மணி நேரம், ஆக்ஸிஜன் சிலிண்டர் எத்தனை என்று கேளுங்கள்.

8 மார்ச்

தம்பி வீட்டில் சொல்லிவிட்டாராம். அம்மா மூன்று நாள் பேசவில்லை, நாலாவது நாள், "ஸ்வெட்டர் இருக்கா?" என்று கேட்டாராம். சம்மதம்தான்.

முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், வேறு மலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறதாம் நிறுவனம். அதனால் ஆகஸ்டில் காங் யாட்சே இரண்டு. நான் "வேண்டாம்" என்று முதல் நாள் எழுதினதால் மாற்றவில்லை, கிராம்பான் கதையால்தான் மாற்றினேன் என்கிறார். வழிகாட்டி விகிதம் கேட்டாராம், மூன்று பேருக்கு ஒருவர் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். நல்லது.

"அண்ணா, நீங்களும் வாங்களேன்" என்று கடைசியில் ஒரு வரி. பெங்களூரா மாம்பழம் ஜூலை கடைசி வரை லாரி லாரியாக வந்து நிற்கும், ஆகஸ்டில் லீவு கேட்டால் மேனேஜர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். 2023-ல் பார்த்தேன். கேட்டுப் பார்க்கிறேன். கேட்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கலாம்.

23 மார்ச்

பூட்ஸுக்காக எழுதியிருந்தீர்கள் தம்பி. என்னிடம் இருப்பது இரட்டைத் தோல் பூட்ஸ், ஒன்பதாம் நம்பர், அப்போதே பழசாக வாங்கியது. பரணில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். ஆறாயிரத்துக்கு அது போதும். பின்னால் நுன்னுக்குப் போகிற நாள் வந்தால் இதை நம்பாதீர்கள், அதற்கு இன்னும் கனமானது வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமாக வாருங்கள். காலையில் போட்டுப் பார்த்தால் கால் வீங்காமல் இருக்கும், அளவு ஏமாற்றிவிடும். மலையில் போடப்போகிற காலுறையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கிராம்பானும் தருகிறேன். இரண்டிலும் வெள்ளை பெயின்ட்டில் இ, வ என்று எழுதியிருக்கும். சிரிக்காதீர்கள்.